ஓடைக்கு ஒன்பது, ஏரிக்குப் பத்து

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஷர்மிளா லீவு முடிந்து காலேஜுக்குத் திரும்பும்போது இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். "ரெஜிஸ்டர்ல கட்டம் இல்லாததையெல்லாம் இதுல எழுது அம்மாயி. உன்னைத் தெரியாதவங்க படிச்சாலும் புரியற மாதிரி எழுது" என்றாள். யார் படிக்கப் போகிறார்கள். ஆனாலும் பேத்தி சொன்னால் நான் செய்வேன். மீன்வளப் படிப்பில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு வரிசையில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

என் பேர் வீராயி. வயது அறுபத்தாறு. சிலோனில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்தேன். ஆறாவது சேர்வதற்குள் கப்பலேற்றி இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவதுதானா என்று சிரிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

தேன்பாறை ஓடையிலும் மேல்கட்டு ஏரியிலும் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட வருகிறவர்களின் மீனை அளப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் பொன்னையா பார்த்த வேலை இது. அவர் போன பிறகு எனக்குக் கொடுத்தார்கள். பாலத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது.

சட்டத்தையும் எழுதிவிடுகிறேன். ட்ரவுட் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். புழு கூடாது, வலை கூடாது. இறகில் கட்டிய பொய் ஈ மட்டும்தான் தூண்டிலில் இருக்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு மீன். ஓடை மீன் ஒன்பது அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஏரி மீன் பத்து அங்குலத்துக்கு. ஓடையில் தீனி குறைவு, அங்கே மீன் அவ்வளவுதான் வளரும். சிறியதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். நவம்பர் ஒன்றாம் தேதி முதல் முட்டையிடும் காலம். அன்றைக்கு எல்லாவற்றையும் மூடிவிடுவோம்.

அளக்க இரண்டு பலகை. பொன்னையா செய்தவை. மீனின் மூக்கைத் தலைக்கட்டையில் முட்டவைத்து நீட்ட வேண்டும். வால் நுனி வெட்டுக்குறியைத் தொட்டால் சரி, தொடாவிட்டால் குறைவு. ஓடைப் பலகைக்கு வெள்ளைத் தலை, இடது ஆணியில் தொங்கும். ஏரிப் பலகைக்குச் சிவப்புத் தலை, வலது ஆணி. ரெஜிஸ்டரில் அங்குலம் எழுதுவதில்லை. சரி, குறைவு, இரண்டே வார்த்தைதான்.

பதினோரு வருஷத்தில் என் அளவு தப்பென்று ஒருத்தரும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 16, சனி

திங்கட்கிழமை ஆய்வாளர் வருகிறாராம். இன்று ஆட்கள் போன பிறகு கொட்டகையைக் கழுவினேன். பலகை இரண்டையும் சாம்பல் போட்டுத் தேய்த்து, சுவரோரம் சாய்த்துக் காயவைத்து, திரும்ப ஆணியில் மாட்டினேன். இடுப்பு கழன்று போய்விட்டது. கொட்டகை பல்பு வர வர மங்கிக்கொண்டே போகிறது. மாற்றச் சொல்லவேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆய்வாளர் வந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். ரெஜிஸ்டரைப் புரட்டினார், டீ குடித்தார். பல்பைப் பற்றிச் சொன்னேன். அண்ணாந்து பார்த்து, "நல்லாத்தானேம்மா எரியுது" என்றார். கவர்மெண்டு ஆட்களுக்கு எதைச் சொன்னாலும் நல்லாத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

இந்த வருஷம் மூடுபனி விலகவே மாட்டேன் என்கிறது. பத்து மணிக்குக்கூடப் பாலத்தின் அந்தப் பக்கம் தெரியவில்லை.

காட்டேஜ் சம்பத் தன் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஏரிக்கரையில் நாலு காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடுகிறவன். வருகிறவர்களுக்குத் தூண்டிலும் கொடுப்பான், ஆசையும் கொடுப்பான். சின்ன மீனையெல்லாம் கூடையில் போட்டுக்கொண்டு வந்து என்னோடு மல்லுக்கட்டுவது அவன் வழக்கம். இன்று எட்டு ஏரி மீன் கொண்டுவந்தார்கள். எட்டும் சரி.

அவனுக்கே நம்ப முடியவில்லை. பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான். "பாட்டிம்மா, உங்களுக்குக் கழுகுக் கண்ணு. இந்த மலையிலயே நியாயமா அளக்கிற ஆளு நீங்கதான்."

ஒரு வர்க்கி பிஸ்கட்டுப் பொட்டலம் நீட்டினான். அளக்கிற கையில் பொட்டலம் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டேன். ரொம்பக் கெஞ்சினான். இரண்டே இரண்டு எடுத்துக்கொண்டேன், டீயில் தொட்டுத் தின்ன.

ஆகஸ்ட் 30, சனி

ஓடையில் ஐந்து குறைவு. ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். இப்போது வருகிற ஊசிகளுக்குக் காதே வைப்பதில்லை. டீக்கடைப் பெண்ணைக் கோர்த்துத் தரச் சொன்னேன். ஒரே தடவையில் கோர்த்துவிட்டாள். அவளிடம் இருந்தது பழைய ஊசி போலிருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

எழுதவே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

கம்பவுண்டர் தேவசகாயம் முப்பது வருஷமாக இந்த ஓடையில் தூண்டில் போடுகிறவர். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவர். என் மகளுக்குக் கக்குவான் இருமல் வந்தபோது நடையாய் நடந்து வந்து பார்த்தவர். வேலையை விட்டு வந்த பிறகு சனிக்கிழமை தவறாமல் வருவார். ஒரு மீன், மிஞ்சினால் இரண்டு மீன். நாலு பிடித்து நான் பார்த்ததே இல்லை.

இன்று ஒரே ஒரு மீன் கொண்டுவந்தார். இடது ஆணியில் இருந்த பலகையை எடுத்து வைத்தேன். வால் நுனியைக் கட்டைவிரலால் தடவினேன். குறிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. நன்றாக அரை விரல் இடம் இருந்தது.

"குறைவு" என்றேன்.

"என்னம்மா சொல்ற? தூண்டில் பிடியில கோடு போட்டு வச்சிருக்கேன். ஒன்பதரை இருக்கு. திரும்ப வச்சுப் பாரு."

"பலகை ஒரு தடவைதான் சொல்லும் கம்பவுண்டரய்யா. எல்லாருக்கும் அப்படித்தான்."

வரிசையில் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். அவருக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று பேச்சு வரக் கூடாது. அவர் குனிந்து பலகையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நோயாளியை நாக்கை நீட்டச் சொல்லிவிட்டுப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார், அனுமதிச் சீட்டை மேஜைமேல் வைத்தார், போய்விட்டார்.

ஒருநாள் சீட்டில் வருகிற வெளியூர்க்காரர்களுக்கு அபராதம் மட்டும்தான். சீசன் சீட்டு வைத்திருக்கிற உள்ளூர்க்காரர் முதல் தடவை பிடிபட்டாலே சீசன் முடியும்வரை சீட்டு கிடையாது. கொட்டகைக்கு வெளியே கரும்பலகையில், சட்டங்களுக்குக் கீழே, பேரை எழுதிவைக்க வேண்டும். பொன்னையா காலத்து வழக்கம் அது. 'விதி மீறியவர்: தேவசகாயம்' என்று எழுதினேன். எழுத்துப் பெரிதாகத்தான் வந்தது.

மீனை மரத்தடியில் புதைத்தேன். குறைவு என்று பிடிபட்ட மீனை யாரும் தின்னக் கூடாது என்பது விதி. கையில் கனமாக இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஷர்மிளா போன் பண்ணினாள். நேற்று நடந்ததைச் சொன்னேன். "பாவம் அம்மாயி, கம்பவுண்டர் தாத்தாவா?" என்றாள். "தாத்தாவா இருந்தா மீன் வளர்ந்துடுமா?" என்றேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சோற்றில் இரண்டு கல். நான்தான் புடைத்தேன், நான்தான் பொறுக்கினேன். கடைக்காரன் அரிசியின் நிறத்திலேயே கல் தேடிப் போடுகிறான்.

செப்டம்பர் 13, சனி

கம்பவுண்டர் தூண்டில் இல்லாமல் வந்தார். பாலத்துக் கல்லில் உட்கார்ந்து மற்றவர்கள் வீசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் கரும்பலகையைப் படித்துவிட்டு அவரைப் பார்க்கிறார்கள். சம்பத் வேண்டுமென்றே சத்தமாக, "என்ன கம்பவுண்டரே, குஞ்சு மீனுக்கு இப்ப மருந்து கொடுக்கிறதில்லையா, பிடிச்சுக் குழம்பு வைக்கிறதுதானா?" என்றான். அவர் மடியில் இருந்த குடையை எடுத்து மறுபக்கம் சாய்த்து வைத்தார்.

மத்தியானம் கொட்டகைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"வீராயி, நவம்பர் பதினெட்டாம் தேதி டவுன்ல கண்ணு முகாம். பேரு கொடுத்து வை."

"யாருக்கு?"

"ஊருக்கெல்லாம் சேர்த்துத்தான். உனக்கும்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "குட்டை மீனைப் பிடிச்சவரு தூண்டிலைக் குத்தம் சொல்லுங்க, தண்ணியைக் குத்தம் சொல்லுங்க. அளந்தவ கண்ணைக் குத்தம் சொல்லாதீங்க" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெயில் அடிக்கிறபோது எதற்குக் குடை என்று யாரோ கேட்டார்கள். வெயிலா? எனக்கு மூடுபனிதான் தெரிந்தது.

செப்டம்பர் 20, சனி

ஓடையில் நாலு குறைவு. ஏரியில் எல்லாம் சரி. சம்பத்தின் விருந்தாளிகள் வேனில் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 24, புதன்

உடம்பு அசதி. படி என்று நினைத்துத் தரையில் கால் வைத்தேன், தரை என்று நினைத்துப் படியில் வைத்தேன். முழங்காலில் சிராய்ப்பு. மழையில் படி தேய்ந்துவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

ஷர்மிளா ஒரு கட்டுரை எழுதுகிறாளாம். இந்த ஓடை மீனும் ஏரி மீனும் எப்படி வளர்கின்றன என்று. பதினோரு வருஷ ரெஜிஸ்டரும் வேண்டுமாம். "இந்த மாதிரிக் கணக்கு எங்கயும் கிடைக்காதுன்னு எங்க சாரே சொல்றாரு அம்மாயி. முதல் பக்கத்துலயே உன் பேரைப் போடப் போறேன். அளவெடுத்தவர், திருமதி வீராயி பொன்னையா."

அவள் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன். ஐந்தாவது படித்தவளின் பேர் காலேஜ் கட்டுரையில். பொன்னையா இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். நானும் சொன்னேன். டீக்கடையில், ரேஷன் கடையில், தெரு பைப்படியில். டீக்கடைப் பெண் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினாள். "பாட்டி, கடைசிப் பக்கமெல்லாம் கோடு விட்டுக் கோடு ஏறியிருக்கே" என்றாள். அவள் போனில் அப்படித் தெரியும் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஷர்மிளா பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மாயி, ஒரு ஆச்சரியம் தெரியுமா? பத்து வருஷமா ஓடையில மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் குறைவு. ஏரியிலதான் நிறைய. இந்த ஆகஸ்ட் நடுவுலேர்ந்து அப்படியே தலைகீழ். ஏரியில எழுபது மீன், ஒண்ணுகூடக் குறைவு இல்ல. ஓடையில மட்டும் இருபத்தாறு. ஒரே வாரத்துல மாறியிருக்கு. ஓடைத் தண்ணியில ஏதோ ஆயிருக்கு அம்மாயி. மீன் வளர்றதே நின்னுபோச்சு போல. இதைத்தான் பெருசா எழுதப் போறேன்."

"எந்த வாரம்?" என்று கேட்டேன்.

"பதினாறாம் தேதிக்கு அப்புறம்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. போனை வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

பொன்னையாவுக்கு எழுத்துத் தெரியாது. அவர் காலத்தில் அளப்பது அவர், எழுதுவதெல்லாம் நான். நான் சிலேட்டில் எழுதிக் காட்ட, அவர் ஒவ்வொரு பலகையின் முதுகிலும் ஓர் எழுத்துச் செதுக்கினார். ஓடைக்கு 'ஓ', ஏரிக்கு 'ஏ'. வண்ணம் பூசிய பிறகு முதுகைத் திருப்பிப் பார்க்கவேண்டிய தேவையே வந்ததில்லை.

இடது ஆணிப் பலகையை எடுத்து முதுகில் விரலை ஓட்டினேன். ஒரு தடவை. இன்னொரு தடவை.

இன்றைக்கு இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

பலகைகளை மாற்றி மாட்டினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தலைக்கட்டைகளை வாசலுக்கு எடுத்துப் போய்க் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். எது சிவப்பு, எது வெள்ளை? இரண்டும் பழைய டீத்துணி நிறத்தில் இருந்தன. வண்ணம் போய்விட்டதோ என்று டீக்கடைப் பெண்ணிடம் கேட்டேன். "ரத்தச் செவப்பால்ல இருக்கு பாட்டி" என்றாள்.

அக்டோபர் 18, சனி

இன்று ஏரி மீன் பன்னிரண்டு. எட்டு குறைவு. சம்பத் தாழ்ந்த குரலில் பேசினான். அவன் தாழ்ந்து பேசி இதுவரை கேட்டதில்லை.

"என்ன பாட்டிம்மா, பலகை திடீர்னு வளர்ந்துடுச்சா?"

"சரியான பலகை இதுதான்."

"அப்ப ரெண்டு மாசமா வச்சது?"

நான் அடுத்த மீனை எடுத்துப் பலகையில் வைத்தேன்.

"எனக்கு முதல் நாளே தெரியும். செவப்புத் தலை வேற பக்கம் தொங்குச்சு. நான் எதுக்குச் சொல்லணும்? அத்தனை மீனுக்கும் 'சரி' போட்டது நீங்க. கையெழுத்து உங்களது. வெளியில வந்தா மாட்டறது நானா, நீங்களா? பேசாம இன்னும் ரெண்டு வாரத்தை ஓட்டுங்க. சீசன் முடிஞ்சுடும், யாருக்கும் தெரியாது."

கழுகுக் கண் என்று சொன்னானே, அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு இப்போதுதான் காதில் விழுகிறது. இரண்டு வர்க்கியும் தின்றேன்.

எட்டு மீனுக்கும் குறைவு எழுதினேன். அவன் சொன்னதிலும் பொய் இல்லை. இரண்டு வாரம் ஓட்டினால் யாருக்கும் தெரியாதுதான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வாசலில் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்தினார்கள். ஒவ்வொரு மத்தாப்பைச் சுற்றியும் வட்டம் வட்டமாக ஒளி. அழகாகத்தான் இருந்தது.

ஷர்மிளா வாழ்த்துச் சொன்னாள். கட்டுரையை மாத முடிவில் கொடுக்க வேண்டுமாம். "ஓடைத் தண்ணியைப் பத்தின பக்கம்தான் எங்க சாருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "பலகாரம் என்ன பண்ணின?" என்று கேட்டாள். அதிரசம் என்றேன். ஒன்றும் பண்ணவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மழை. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை.

தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்தில் கணக்கப்பிள்ளை தராசில் கைவைப்பான். நாங்கள் எடுத்தது பதினெட்டு கிலோ என்றால் பதினாறு என்பான். திரும்ப நிறுக்கச் சொன்னால், தராசு ஒரு தடவைதான் சொல்லும் என்பான். அந்த வார்த்தையைத்தான் நான் கம்பவுண்டரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கே கற்றேன் என்று இன்றுதான் ஞாபகம் வந்தது.

அக்டோபர் 25, சனி

கொட்டகையைச் சாத்தியபின் கம்பவுண்டர் வீட்டுக்குப் போனேன். சர்ச்சுக்குக் கீழே தகரம் போட்ட வீடு. இறகில் பொய் ஈ கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷத்துக்காம்.

உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"பலகை மாறியிருந்துச்சு. உங்க மீன் சரி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. வரும் வழியெல்லாம் நாலைந்து வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். வாசற்படி ஏறும்போது எல்லாம் விழுந்துவிட்டன.

"தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. குனிஞ்சு பார்த்தா செவப்புத் தலை. நிமிர்ந்து பார்த்தா உன் கண்ணுல ரெண்டு பக்கமும் பால் கட்டியிருக்கு. கண்புரை முத்திப்போச்சு. இதுக்கு டாக்டரு வேணுமா, கம்பவுண்டரே போதும்."

"ஏன் அங்கேயே சொல்லலை? ரெண்டு மாசமா ஊர்ல தலை காட்ட முடியாம..."

"ஆறு பேரு நின்னாங்க. பலகை மாறிடுச்சுன்னு சொன்னா, இவ்வளவு பெரிய செவப்பு எப்படித் தெரியலைன்னு அடுத்த கேள்வி. அன்னைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க." நூலைப் பல்லால் கடித்தார். "உனக்காகன்னு நினைச்சுக்காத. நீ போனா அந்த இடத்துக்குச் சம்பத்தோட மச்சான் மனு போட்டு வச்சிருக்கான். அவன் அளந்தா அடுத்த வருஷம் ஓடையில தவளைதான் மிஞ்சும். நான் தவளை பிடிக்கவா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கினேன்.

"தனியா வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"வந்தேனே. கண்ணு முகாம்னு சொன்னேன். குட்டை மீன் பிடிச்சவன்னு ஊரைக் கூட்டிச் சொன்னியே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. கேட்டேன், "இப்ப என்ன பண்றது?"

"எனக்கு எதுவும் பண்ண வேணாம். பேரு எழுதினது எழுதினதுதான், சீசன் மூடினதும் ஒண்ணாம் தேதிக்கு அழிஞ்சுடும். முகாமுக்குப் போ. போதும்."

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் தெரிந்தது, டார்ச் லைட்டோடு என் பின்னாலேயே பாதைக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு வருகிறார் என்று. திரும்பிப் போகச் சொன்னேன். போகவில்லை. தவளைக்காகத்தான் என்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஷர்மிளாவிடம் சொன்னேன். முதலில் கட்டுரை, பிறகு பலகை, கடைசியில் கண். அந்த வரிசையில்தான் சொல்ல முடிந்தது.

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"எத்தனை நாளா அம்மாயி கண்ணு தெரியலை?"

"தெரியுது. கொஞ்சம் மங்கல்."

"அம்மாயி."

"போன வருஷத்துலேர்ந்து."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு படித்த பெண் குரலில் பேசினாள். "அந்த எட்டு வாரத்துக் கணக்கை எடுத்துடறேன். ஆனா ஏன் எடுத்தேன்னு காரணம் எழுதணும். என்னன்னு எழுத?"

"அளந்தவளுக்குக் கண்புரைன்னு எழுது. பேரையும் போடு."

"முதல் பக்கத்துல உன் பேரு இருக்கே அம்மாயி..."

"அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். ரெண்டும் நான்தான்."

அக்டோபர் 31, வெள்ளி

சீசன் கடைசி நாள். சாயங்காலம் ஆய்வாளர் வந்து ரெஜிஸ்டரை மூடினார். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். பலகை இரண்டையும் எதிரில் வைத்து, முதுகைத் திருப்பிக் காட்டி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதையும் சொன்னேன். சம்பத் வாசலில்தான் நின்றான். அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தும் சொல்லாதவன் அவன், பார்க்காமலே சொன்னவள் நான்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "அம்மா, நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதனாலதான் சொல்றேன்."

"எழுதி மேல அனுப்பணும்மா. அடுத்த சீசனுக்கு... பார்க்கலாம். நான் ஒண்ணும் சொல்ல முடியாது." ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு, "அந்த இருபத்தாறு ஓடை மீன் பிடிச்சவங்களுக்கும் தகவல் கொடுத்துடறேன்" என்றார். நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

அவர் போன பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனேன். தேவசகாயம் பேரை அழுத்தித் துடைத்தேன். கீழே சாக்பீஸால் 'விதி மீறியவர்: வீராயி' என்று எழுதினேன். ஒன்றாம் தேதி அழிக்கிற வழக்கம் மற்றவர்களுக்கு. இது இருக்கட்டும்.

பூட்டைப் பூட்டிச் சாவியை ஆய்வாளர் சொன்ன இடத்தில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். பதினோரு வருஷ அலுப்பும் ஒரே நாளில் வந்தது போல இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. மழை.

நவம்பர் 18, செவ்வாய்

முகாம். கம்பவுண்டர் கூட வந்தார். வரிசையில் என் வயசுக்காரர்கள் நூறு பேர். எல்லாரும் பல்பு மங்கல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வலது கண்ணுக்கு நாளை ஆபரேஷன். நோட்டைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், படித்துவிடுவார். பையிலேயே இருக்கட்டும்.

டிசம்பர் 3, புதன்

பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படிக்கலாம், எழுதலாம் என்றார்கள்.

முதலில் இந்த நோட்டைப் புரட்டினேன். ஆகஸ்டு பக்கமே கோட்டில் இல்லை. செப்டம்பரில் வரிகள் மேடேறிப் போகின்றன. அக்டோபர் பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும் என்று முதல் நாள் எழுதியிருந்தேன். சிரித்தேன்.

மத்தியானம் பாலத்துக்குப் போனேன். மூடுபனி இல்லை. அந்தக் கரையில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக நின்றது. தண்ணீருக்கு அடியில் கூழாங்கல்லின் மேல் ட்ரவுட் ஒன்று தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து அசையாமல் நின்றது. உடம்பெல்லாம் புள்ளி. அதைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாக இன்னும் மூன்று. முட்டையிட வந்தவை. எத்தனை அங்குலம் என்று மனசு அளக்கப் பார்த்தது. விட்டுவிட்டேன்.

பிறகு கரும்பலகையைப் பார்த்தேன்.

'விதி மீறியவர்: வீராயி' என்பது கோணலாகக் கீழே இறங்கிப் போயிருந்தது. அதற்கு மேலே 'விதி மீறியவர்: தேவசகாயம்' அப்படியே இருந்தது, ஒரு புள்ளி கலையாமல். அன்றைக்கு அவ்வளவு அழுத்தி நான் துடைத்தது அவர் பேரை அல்ல. அதற்கு மேல் வரியில் இருந்த 'ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு மீன்' என்ற சட்டத்தை.

ஒரு மாதமாக ஊரே படித்திருக்கிறது. சட்டம் இல்லை, எங்கள் இரண்டு பேரின் பேர் மட்டும் சேர்ந்தாற்போல, கூட்டாளிகள் மாதிரி.

கம்பவுண்டர் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"இதை நீங்க பார்க்கலையா?" என்றேன்.

"ஒண்ணாம் தேதியே பார்த்தேன்."

"அழிச்சிருக்கலாமில்ல?"

"நான் எதுக்கு அழிக்கணும்? எழுதினது நீ. கண்ணு வந்து நீயே அழிப்பேன்னு விட்டுட்டேன்." தொப்பியைச் சரிசெய்தார். "பாதிரியாரு மட்டும் கூப்பிட்டுக் கேட்டாரு, யாரு அந்த வீராயின்னு."

துணியை நனைத்து வந்தேன். தே, வ, ச, கா, யம். ஒவ்வோர் எழுத்தாக, போகிறதா என்று பார்த்துப் பார்த்துத் துடைத்தேன். மேலே போய் நான்கு மீன் சட்டத்தைத் திரும்ப எழுதினேன், கோட்டுக்குள், ஐந்தாவது வகுப்பு டீச்சர் பார்த்தால் மார்க் போடும்படி.

"உன் பேரு?" என்றார்.

"அது இருக்கட்டும். சீசன் திறக்கட்டும்."

இடது கண்ணுக்கு ஜனவரியில்.